ஒபெட் டில்ட்டன் செய்த ஆப்பிள் மெஷின்

கையில் வேலை இல்லாவிட்டால் ஒபெட் டில்ட்டனுக்குப் பேச்சு வராது. அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் ஹார்லோ ஃபால்ஸ் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அரிவாள் பட்டறையில் அரமும் கையுமாக நிற்கும்போது அவன் வாயை அடைக்க யாராலும் முடியாது. ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் ஏன் குறைவு, ரயில்காரன் கடிகாரமும் கோயில் கடிகாரமும் ஏன் ஒத்துப்போவதில்லை, குதிரை ஏன் நின்றுகொண்டே தூங்குகிறது என்று பேசிக்கொண்டே இருப்பான். அரத்தைக் கீழே வைத்தால் பேச்சும் அங்கேயே நின்றுவிடும். முடி வெட்டும் கடையில் துணியைப் போர்த்திக் கைகளை உள்ளே அடக்கிவிடுவார்கள். அதனால் எப்படி வெட்ட வேண்டும் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் தலைமுடி எப்போதும் முடி வெட்டுகிறவர் விருப்பப்படிதான் இருந்தது.

முப்பத்தெட்டு வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம். நியூ ஹாம்ப்ஷையரில் ஒரு பெண்ணிடம் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் கூட நடந்து போக வேண்டும். நல்ல கோட்டுப் போட்டவன் கையில் அரம் வைத்திருக்க முடியுமா?

அந்த ஊரில் எதையாவது கண்டுபிடிக்காத ஆளைப் பார்ப்பது அந்தக் காலத்தில் அபூர்வம். ஆற்றங்கரை நெடுகப் பட்டறைகள். எல்லாவற்றிலும் தண்ணீர்ச் சக்கரம் சுற்ற, தோல் வார் ஓட, உள்ளே நிற்கிறவன் ஒவ்வொருவனும் வேறு ஏதோ ஒன்றை மனதில் செய்துகொண்டிருப்பான். கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை வேண்டுமென்றால், அதற்கு ஒரு சின்ன மாதிரி செய்து வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பக்கம் அளந்தாலும் ஓர் அடிக்கு மேல் இருக்கக் கூடாது. பாதிரியார் புகையில்லாத அடுப்பை ஒரு அடியில் செய்து அனுப்பினார். தபால் அலுவலகத்துக்காரர் தானே மூடிக்கொள்ளும் கதவைச் செய்தார்; அது முதலில் அவர் நாயின் வாலில்தான் மூடியது. சவப்பெட்டி செய்கிற ஆள், உள்ளே போனவர் ஒருவேளை கண் விழித்துவிட்டால் இழுத்து அடிக்க மணி வைத்த பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு அடி நீளத்தில் மணியும் அதுவுமாக அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தபோது வாஷிங்டனில் என்ன நினைத்தார்களோ.

இத்தனை பேருடைய மாதிரிகளையும் சரி செய்து கொடுத்தவன் ஒபெட்தான். அவன் பேரில் மட்டும் எதுவும் கிடையாது. அவனுக்கென்று ஒரு மெஷின் செய்ய வேண்டும் என்று தோன்றியதே கெசியா ஃபிஸ்க்கின் மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான்.

கெசியா ஊருக்கு மேலே மேட்டில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தாள். உள்நாட்டுப் போருக்குப் போன கணவன் முகாமில் காய்ச்சல் வந்து இறந்துபோக, தோட்டத்தை ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டாள். காய்ந்த ஆப்பிளைக் கப்பல்காரர்கள் வாங்குவார்கள். ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம் அவள் வீட்டில் சீவல் கூட்டம் நடக்கும். ஊர் இளவட்டங்கள் எல்லாம் கத்தியோடு வந்து உட்கார்ந்து, தோல் சீவி, நடுவைக் குடைந்து, நறுக்கி, ஊசி நூலில் கோத்துச் சமையலறைக் கூரையில் தோரணமாகத் தொங்கவிடுவார்கள். பையன்களும் பெண்களும் ஒரே அறையில் ஒட்டி உட்கார ஊர் அனுமதிக்கிற நாள் அது ஒன்றுதான், அதுவும் வேலை என்ற பேரில். அறுந்துபோகாமல் சீவிய தோலை ஒரு பெண் இடது தோளுக்குப் பின்னால் வீசினால், அது தரையில் எந்த எழுத்தாக விழுகிறதோ அந்த எழுத்தில் பேர் தொடங்குகிறவன் அவளுக்கு மாப்பிள்ளை. அந்த ஊர்க் கல்யாணங்களில் பாதி அந்தத் தரையில்தான் நிச்சயமாயின.

போன வருஷக் கூட்டத்தில் ஒபெட்டுக்குக் கெசியாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. கையில் கத்தி, மடியில் கூடை. கேட்க வேண்டுமா? சின்ன வயதில் தண்ணீர்ச் சக்கரத்தைப் பார்த்துப் பயந்து படுக்கையை நனைத்தது வரைக்கும் சொல்லிவிட்டான். கெசியா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்போதுதான் அவள் வலது மணிக்கட்டில் சிவப்புக் கம்பளித் துணி சுற்றியிருப்பதைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு கையில?"

"ஒண்ணும் ஆகல மிஸ்டர் டில்ட்டன். வருஷா வருஷம் ஆப்பிள் வந்தா கூடவே இதுவும் வந்துடும். இந்தக் கூட்டம் ஒரு சாயங்காலம்தானே? மீதி மூணு வாரம் நான் ஒருத்தியாத்தான் சீவணும்."

அன்றைக்கே மனதில் முடிவு செய்துவிட்டான். கடைகளில் தோல் சீவும் மெஷின்கள் விற்காமல் இல்லை. ஆனால் அவை மேலும் கீழும் தோலை விட்டுவிடும். குடைவதும் நறுக்குவதும் கோப்பதும் கையால்தான். இவன் செய்வது அப்படி அரைகுறையாக இருக்கக் கூடாது. குளிர்காலம் முழுக்கப் பட்டறை மூடிய பிறகு உட்கார்ந்து செய்தான். வசந்தத்தில் உடைத்துத் திரும்பச் செய்தான். கோடையில் பற்சக்கரங்களை மாற்றினான். கடைசியில் வந்தது மெஷின்: ஆப்பிளை முள்ளில் குத்திக் கைப்பிடியைச் சுற்றினால் தோல் ஒரு பக்கம், நடுத்தண்டு ஒரு பக்கம், பழம் வட்டம் வட்டமாக நடுவில். வட்டங்களை ஊசியில் கோக்கக்கூட வேண்டாம். நீளக் கம்பில் செருகித் தொங்கவிட்டால் போதும். கம்புகளையும் இழைத்துத் தயாராக வைத்தான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் கெசியா அவனை நிறுத்தினாள்.

"மிஸ்டர் டில்ட்டன், உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன். மேற்க ஐயோவா மாநிலத்துல இருக்குற எங்க அண்ணன் கூப்பிடுறான். தோட்டத்தை வித்துட்டு வந்துடுன்றான். இந்தக் கையை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுறது? இந்த ஆப்பிள் வேலை முடியட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒபெட்டின் இரண்டு கைகளும் நல்ல கோட்டின் இரண்டு பக்கமும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோவாவா," என்றான். "நல்ல மண்ணுன்னு சொல்றாங்க."

வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டான். சரி, சீவல் கூட்டம் இருக்கிறது. அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டியதுதான். மெஷினையும் அன்றைக்கே கொடுத்துவிடுவது. ஒரே சாயங்காலத்தில் இரண்டும் முடிந்துவிடும் என்று நினைத்தபோது அவனுக்கே தன் புத்தி பெரிதாகத் தெரிந்தது. இருபத்தெட்டுப் பல்லுள்ள சக்கரம் பதினான்கு பல்லுள்ள சக்கரத்தைச் சுற்றினால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் தன் கை என்ன செய்யும் என்ற கணக்கு மட்டும் அந்த மண்டையில் ஏறவில்லை.

கூட்டத்தன்று கெசியாவின் சமையலறையில் எள் போட்டால் எள் விழாது. சுவர் ஓரம் ஆப்பிள் மலையாகக் குவிந்திருந்தது. அடுப்புக்குள் பன்றி இறைச்சியும் வெல்லப்பாகும் போட்ட மொச்சைப் பானை மெல்ல வெந்துகொண்டிருந்தது; வேலை முடியும்போது பதமாகிவிடும் என்று வருஷக்கணக்கில் வைத்த கணக்கு. பட்டறையில் ஒபெட் கூட வேலை செய்கிற லைமன் காப், எப்படியோ பாதிரியார் மகள் ஃபீபி பக்கத்தில் இடம் பிடித்துவிட்டான். அந்த இடத்துக்காக அவன் ஒரு வருஷமாகக் காத்திருந்தான். மூலையில் சபைப் பெரியவர் டீக்கன் அமாசா பிராட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் ஆப்பிள் பக்கமே போகவில்லை.

ஒபெட் மெஷினை மேஜை விளிம்பில் திருகி மாட்டினான். அவனுடைய முதலாளி சூவல் பைக் அதைப் பார்க்கவே வந்திருந்தார். ஒபெட் ஒரு ஆப்பிளைக் குத்திக் கைப்பிடியைச் சுற்றினான்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் வட்டங்கள் விழுந்தன. அடுத்த ஆப்பிள், அதற்கடுத்தது.

"அடேயப்பா," என்றார் பைக். "ஒரு பொட்டுத் தோல் இல்லையே."

"ஒரு பொட்டுகூட இருக்காது," என்றான் ஒபெட், சுற்றிக்கொண்டே. கையில் வேலை இருந்ததால் பேச்சு நன்றாகவே வந்தது. "வழக்கமா கத்தியை ஸ்பிரிங் மேல இருந்து அழுத்தும், இதுல கீழ இருந்து அழுத்துது. பழம் கோணலா இருந்தாலும் கத்தி கூடவே வளைஞ்சு போகும். இன்னும் ரெண்டு கூடை குடுங்க."

கெசியா வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். "நான் சுத்தலாமா?" என்று கேட்டாள். மணிக்கட்டை வளைக்காமலே சுற்ற வந்தது. அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த பிறகு அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றினான், சுற்றினான், மலை கரைந்துகொண்டே வந்தது. கத்தியோடு உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் கைதட்டினார்கள். பிறகு அவர்கள் எடுக்கப்போன ஆப்பிளை அவன் எடுத்துக்கொண்டபோது கைதட்டல் குறைந்தது. ஃபீபி ஒரு நல்ல நீளத் தோலாக வீச வேண்டும் என்று தேடினாள். மெஷினில் இருந்து வந்த தோல் விரல் நீளத் துண்டுகளாகச் சிதறி, சில டீக்கன் தாடியில் போய் ஒட்டிக்கொண்டன.

"இதை வீசினா என்ன எழுத்து வரும்?" என்று லைமனிடம் ஒரு துண்டைக் காட்டினாள்.

"கமா வரும்," என்றான் லைமன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே சரியாக இருட்டக்கூட இல்லை, குவியல் தீர்ந்துவிட்டது. கம்புகள் எல்லாம் நிறைந்து கூரையில் ஏறிவிட்டன. டீக்கன் தாடியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வேலை முடிஞ்சுது. ஆண்டவனுக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

"மொச்சை இன்னும் வேகலையே," என்றாள் கெசியா.

"வேலை இல்லாத இடத்துல வாலிபப் பிள்ளைங்க உக்காந்திருக்கிறது நல்லதில்ல மிஸஸ் ஃபிஸ்க். மொச்சைக்காக நான் ஆண்டவன்கிட்ட பதில் சொல்ல முடியாது."

ஆளுக்கு ஆள் ஒபெட்டை முறைத்துக்கொண்டே கோட்டை மாட்டினார்கள். வெளியே போகும்போது லைமன் மட்டும் அவன் காதருகே குனிந்தான். "ஒபெட் அண்ணே, நல்லா இருங்க. அடுத்து பாதிரியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிக்கிறதுக்கு ஒண்ணு செய்யுங்க. இதுக்குப் பரிகாரமா இருக்கும்."

கடைசியில் ஒபெட்டும் கெசியாவும்தான் வாசலில் நின்றார்கள். டீக்கன் படிக்கட்டில் விளக்கோடு காத்திருந்தார். கேட்க வேண்டிய நேரம் இதுதான் என்று ஒபெட்டுக்குத் தெரிந்தது. ஆனால் சுற்றக் கைப்பிடி இல்லை, சீவ ஆப்பிள் இல்லை. தொப்பியை விளிம்பைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தான். தொப்பிக்கு அவ்வளவு பேச்சு வரவில்லை.

"கைப்பிடிக்கு," என்றான், "வாரம் ஒரு தடவை எண்ணெய் விடணும்."

"விடறேன்," என்றாள் கெசியா.

அவ்வளவுதான். டீக்கனோடு கூடவே மேட்டில் இறங்கி வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் டீக்கன் மெஷினைப் புகழ்ந்துகொண்டு வந்தார். அந்த ஊரில் அன்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் பட்டறையில் யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளி பைக் மட்டும் குதிக்காத குறையாக வந்தார்.

"டில்ட்டன், எல்லாத்தையும் போட்டுட்டு ஓர் அடியில மாதிரி ஒண்ணு செய். இந்த மாசமே வாஷிங்டன் போயிடணும். உன் பேர்ல காப்புரிமை. நான் வார்ப்பட அச்சுப் போடுறேன். நம்ம நியூ இங்கிலாந்து மாநிலங்கள் முழுக்க இது ஓடும்."

நியூ இங்கிலாந்து முழுக்க எத்தனை சமையலறை, எத்தனை லைமன், எத்தனை டீக்கன் என்று ஒபெட்டின் கண் முன்னால் ஓடியது. "அதுல ஒரு குறை இருக்கு, முதலாளி," என்றான். "சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

குறை என்னவென்றால் அதில் குறையே இல்லை என்பதுதான். கத்தியின் ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கினால் மேலும் கீழும் மோதிரம் மாதிரி தோல் நிற்கும். குடையும் குழாயை எடுத்துவிட்டால் விதைக்குக் கத்தி வேண்டும். வட்டம் போடும் தகட்டையும் கழற்றிவிட்டால் ஊசியும் நூலும் திரும்ப வரும். ஒரு வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் செய்ததை ஒரு மத்தியானத்தில் கெடுத்துவிடலாம். அப்புறம் அடுத்த வருஷக் கூட்டத்தில் அவள் பக்கத்தில் உட்காரலாம். அடுத்த வருஷம் அவள் இங்கே இருந்தால்தானே என்பது நினைவுக்கு வர, அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு மதியமே மேட்டில் ஏறினான்.

கெசியா சமையலறையில் கம்புகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், "வாங்க மிஸ்டர் டில்ட்டன். உக்காருங்க. அம்பது பேர் மொச்சை அப்படியே கெடக்கு, நான் ஒருத்தி எத்தனை நாள் தின்னு தீக்கிறது?" என்றாள்.

அவன் உட்காரவில்லை. நேராக மேஜைக்குப் போய், அரத்தை எடுத்து, கத்தியின் மேல் வைத்தான். வைத்ததும் வாய் திறந்துகொண்டது. "கொஞ்சம் கெடுத்துத் தர்றேன் மிஸஸ் ஃபிஸ்க். நேத்து எல்லாருக்கும் கஷ்டமாப் போச்சு. ஓரத்துல கொஞ்சம் தோல் விடுற மாதிரி..."

கெசியா வந்து அரத்தின் மேல் கையை வைத்தாள்.

"யாரைக் கேட்டுக் கெடுக்கிறீங்க?"

அரம் நின்றது. பேச்சும் நின்றது.

"எனக்குக் குடுத்தாச்சுல்ல? இது என் மெஷின். ஒரு சாயங்காலக் கூட்டத்தை நெனச்சு எல்லாரும் அழறாங்க. மீதி மூணு வாரம் யாரு அழுதா? ராத்திரி கையைச் சுடுதண்ணில வெச்சுக்கிட்டு உக்காந்தது நான்தானே. இன்னிக்குக் காலைல எழுந்தப்போ கை வலிக்கல. எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" அவள் அரத்தை அவன் கையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். "இதுல நீங்க ஒரு பொட்டுக் குறை வெச்சீங்கன்னா எனக்குக் கோபம் வரும்."

ஒபெட்டுக்கு அரைச் சந்தோஷமும் அரைத் துக்கமுமாக இருந்தது. மெஷின் நல்ல மெஷின்தான். அதைச் செய்தவன்தான் இப்போது வெறும் கையோடு நின்றான். தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"எங்க போறீங்க?" என்றாள் கெசியா. "வேலை இருக்கு."

மாடிப்படிக்கு அடியில் தொங்கிய திரையை விலக்கினாள். உள்ளே மூன்று கூடை நிறைய ஆப்பிள்.

"நேத்து நீங்க திரும்பிக்கூடப் பாக்காம சுத்துனீங்களே, அப்போ நான் ஒவ்வொண்ணா உள்ள தள்ளினேன். டீக்கன் பாத்திருந்தா வேலையை மறைச்சதுக்கு ஒரு பிரசங்கம் வெச்சிருப்பார்." ஒரு கூடையை இழுத்து அவன் காலடியில் வைத்து, இரண்டு கத்திகளை மேஜையில் போட்டாள். "இது மெஷினுக்கு இல்ல. உக்காருங்க."

உட்கார்ந்தான். கத்தியை எடுத்தான், ஒரு ஆப்பிளை எடுத்தான். தோல் அறுந்துபோகாமல் சுருண்டு இறங்கியதும் அவன் நாக்கு தானாக அவிழ்ந்தது. லைமன் சொன்ன பரிகாரத்தைச் சொன்னான். டீக்கன் தாடித் தோலைச் சொன்னான். வாஷிங்டனில் ஒரு பெரிய அறை முழுக்க ஓர் அடி மெஷின்களாகக் கண்ணாடிக்குள் நிற்குமாம், ஓர் அடி ஏர், ஓர் அடி ரயில், ஓர் அடிச் சவப்பெட்டி, நடுவில் தன் ஆப்பிள் மெஷின் நின்றால் அதில் சீவ ஆப்பிளுக்குப் பதில் செர்ரிப் பழம்தான் வேண்டியிருக்கும் என்றான். கெசியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் பேருக்குத்தான் சீவினாள் என்று சொல்ல வேண்டும். வலது கை பெரும்பாலும் மேஜை மேல் சும்மா கிடந்தது.

முதல் கூடை போனது. இரண்டாவது போனது. ஒபெட் எல்லாவற்றையும் பேசினான், கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. மூன்றாவது கூடையின் அடி தெரிய ஆரம்பித்ததும் அவன் கத்தி மெதுவாகப் போயிற்று. தோல் சீவிய ஆப்பிளையே மறுபடி சீவினான்.

"அந்த ஆப்பிளுக்கு எத்தனை தோல் மிஸ்டர் டில்ட்டன்?" என்றாள் கெசியா.

கடைசி ஆப்பிள் அவன் கையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. அதையும் வைத்தான். கத்தியை வைத்தான். மேஜையில் அவன் இரண்டு கைகளும் எதையோ தேடுகிற மாதிரி விரிந்து மூடின. கெசியா காத்திருந்தாள். வெளியே சேவல் ஒன்று நேரங்கெட்ட நேரத்தில் கூவியது. அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

"ஐயோவா போகல," என்றாள் அவள், தானாகவே. "அண்ணன்கிட்ட சொல்லிடப் போறேன். இந்த மெஷின் இருக்கிறப்போ என்னால இந்தத் தோட்டத்தைக் கெழவியாகுற வரைக்கும் ஒண்டியாவே பாத்துக்க முடியும். வேலைக்குன்னு எனக்கு ஆள் வேண்டியதில்ல. அது உங்க புண்ணியம்."

ஒபெட் தலையை ஆட்டினான். நியாயம்தான். அவனே செய்த மெஷின்தான் அவனுக்கு இங்கே வேலை இல்லாமல் செய்துவிட்டது.

"முழுசாக் கேளுங்க," என்றாள் கெசியா. "வேலைக்கு ஆள் வேண்டியிருந்தப்போ யாராவது கேட்டு நான் சரின்னு சொல்லியிருந்தா, வேலைக்காகத்தான் சொன்னேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திருக்கும். இனிமே அந்தச் சந்தேகம் யாருக்கும் வராது. இப்போ ஒருத்தர் கேட்டா, நான் சொல்ற பதில் அந்த ஆளுக்காக மட்டும்தான். ஆனா அதுக்கு அந்த ஆள் கேக்கணும்."

அவன் கேட்கத்தான் பார்த்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கைகள் காலி மேஜையைத் தடவின. அலமாரியில் இருந்த அரத்தை ஒரு பார்வை பார்த்தான், எட்டாது.

கெசியா அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு வருஷப் பழக்கத்தில் மணிக்கட்டில் சுற்றியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, தன் வலது கையை மேஜை மேலாக அவன் பக்கம் நீட்டினாள்.

"கை சும்மா இருந்தா உங்களுக்குப் பேச்சு வராது, ஊருக்கே தெரியும்," என்றாள். "இந்தாங்க ஒபெட். இதைப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க."

அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒபெட் அந்தக் கையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். வலிக்காத மாதிரி, மணிக்கட்டுக்குக் கீழே ஒரு உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டான். ஒரு இடத்திலும் திக்கவில்லை. அவள் சரி என்று சொன்ன பிறகும் அவன் பேசிக்கொண்டே இருந்தான், ஏனென்றால் அந்தக் கையைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.